முனை நசுங்கிய நட்சத்திரம்

ஜூன் 14

தம்பிக்கு,

என் மகளின் மதியச் சாப்பாட்டை நீ தின்கிறாய்.

சுற்றி வளைத்து எழுத நேரமில்லை. இடைவேளை முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது. நேற்று பள்ளியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. வழவழப்பான தாள். மேலே நாலு பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரிக்கின்றன. கீழே என் பிள்ளையின் எடை. நான் கிளம்பும்போது இருபத்து நாலு கிலோ இருந்தாள். நாலு மாதத்தில் இருபத்தொன்றரை. 'வீட்டு உணவு போதவில்லை' என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு சோதனை இருக்கிறதாம். அதிலும் எடை ஏறாவிட்டால் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு எழுதுவார்களாம். அவர்கள் வந்து என்ன பார்ப்பார்கள்? அம்மா வெளியூர் தொழிற்சாலையில். அப்பன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பார்த்துக்கொள்கிறவன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற, கல்யாணமாகாத மாமன். கையைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

இங்கே என் வரிசையில் ஒரு நாளைக்கு நாலாயிரம் சாப்பாட்டுப் பெட்டி அடுக்குகிறோம். யார் யாரோ தின்கிறார்கள். என் மகளுக்கு ஒரே ஒரு பெட்டி அடுக்க உன்னை நம்பினேன். ஐந்து நிறம், மூன்று ருசி, ஒரு மொறுமொறுப்பு என்று வேலைக்கு முந்திய பயிற்சியில் சொல்லித் தந்ததை என் கையால் எழுதி உன் அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். நீ அதைப் படித்தாவது பார்த்தாயா?

சின்ன வயதில் "அக்கா, அங்க பாரு காக்கா" என்று காட்டிவிட்டு என் தட்டிலிருந்து முட்டையைத் தூக்கினவன் நீ. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பட்டறைக்கு எதிரே இருக்கும் தையற்காரிக்கு மத்தியானத்தில் டப்பா போகிறதாமே. அது யார் டப்பா?

இதை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்க முடியாது. விடுதியில் ஐந்து நிமிடம்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்த நேரத்தில் அவள் உன் மடியில் உட்கார்ந்திருப்பாள். எழுத்தில் பதில் சொல்.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

'தின்கிறாய்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. போலீஸ்காரன்கூட முதலில் பெயரைக் கேட்பான்.

காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். உன் தாள் சுவரில்தான் இருக்கிறது, எண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டது. அதில் எழுதாததையும் நானே கண்டுபிடித்திருக்கிறேன். வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டினால் குண்டூசி தொடமாட்டாள், குச்சியாக வெட்டினால் கடிப்பாள். (அந்தப் பெயர் உனக்குப் பிடிக்காது, தெரியும். அவளுக்குப் பிடிக்கும்.) கீரையை அப்படியே வைத்தால் "நான் என்ன மாடா?" என்கிறாள். முட்டையில் அடித்து மெல்லிசாகச் சுட்டுச் சுருட்டி வைத்தால் அதற்குப் 'பாய்' என்று பெயர் வைத்து வீட்டில் மூன்று தின்கிறாள். வேகவைத்த பயறின் ஈரம் பட்டால் ரொட்டி பத்து மணிக்கே சவசவத்துப் போகும். அதற்காகத் தகடு வளைத்து நடுவில் தடுப்பு வைத்திருக்கிறேன். பெட்டியின் கொக்கி உடைந்தபோது பித்தளைத் துண்டு ஒன்றைப் பற்றவைத்தேன். கோழி அலகு மாதிரி இருக்கிறது என்று அவள் அதைப் பிடித்துத்தான் பெட்டியைத் தூக்குகிறாள். பிள்ளை சாப்பாட்டைத் திருடுகிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா?

பெட்டி தினமும் காலியாகத்தான் வருகிறது. சுத்தமாக, ஒரு பருக்கை இல்லாமல். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றபடியே மறுபடி தின்கிறாள். வளர்கிற பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். இளைத்தது என் கண்ணில் படவில்லை. தினமும் பார்க்கிறவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. அது என் தப்புத்தான்.

தையற்காரியின் டப்பா, தையற்காரியின் சாப்பாடு. கைப்பிடி கழன்று பட்டறைக்கு வந்தது, திரும்பிப் போனது. இதை உனக்கு எழுதினது யார்? எங்கள் தெருவில் ஆள் போட்டிருக்கிறாயா? இஸ்திரிக்காரரா?

இன்னொன்று. உன் கடித உறை இரண்டு தடவை ஒட்டியது போலிருந்தது. அங்கே பிரித்துப் படிக்கிறார்களா?

தம்பி

*

ஜூன் 26

தம்பிக்கு,

'சுத்தமாக' என்று எழுதினாய் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டாய்.

முட்டைச் சுருள் வைத்த பெட்டியில் மூலையிலாவது எண்ணெய் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை, தன் கரண்டியைக்கூடக் கழுவாதவள், பெட்டியைக் கழுவிக் கொண்டுவருகிறாளா? எங்கள் தொழிற்சாலையில் திரும்பி வரும் தட்டுகளை எடை போடுவார்கள். பளபளவென்று ஒரு தட்டு வந்தால் மேற்பார்வையாளர் அதைத்தான் தனியாக எடுத்து வைப்பார். சாப்பிட்ட தட்டு அப்படி இருக்காது. யாரோ எதையோ மறைத்த தட்டுத்தான் அப்படி இருக்கும். யார் கழுவுகிறார்கள் என்று கேள்.

அவள் கொட்டுகிறாள் என்றால், நீ வைப்பது அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் அழகாக வை. காரட்டை நட்சத்திரமாக வெட்டு. சுருளை நடுவில் நிற்க வைத்து, பயறை ஒரு பக்கம், வெள்ளரியை ஒரு பக்கம் வை. மூடியைத் திறந்ததும் கை தானாகப் போகவேண்டும். கொட்டுவது அவள் இல்லையென்றால் நான் முதலில் எழுதியதுதான் உண்மை.

எனக்கு யார் சொன்னால் உனக்கு என்ன? உறையை யாரும் பிரிக்கவில்லை. இங்கே விற்கிற பசை சரியில்லை. இனி அதைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

ஜூலை 4

அக்கா,

நட்சத்திரம் கேட்டாய். பட்டறையில் கிடந்த எவர்சில்வர் தகட்டில் ஒரு அச்சு செய்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னடா, நகைக்கடை வெக்கப் போறியா?"

"காரட்டு வெட்டணும்ணே."

அரை நாள் சிரித்தார். பிறகு ஓரத்தில் கை கிழிக்காமல் இருக்க அவரே அரம் போட்டுக் கொடுத்தார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி வாடிவிட்டது.

"இவ்ளோ அழகா வேணாம் மாமா."

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. அதான் வேணாம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைத் தராசுக்குப் போனேன். சரியாக இருபத்தொன்று. பெட்டியை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டேன். "ஆயாம்மா." ஏன் அவர்கள் கழுவவேண்டும் என்று கேட்டேன். சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்தாள். யாரோ அவளிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்குப் போனேன். வாசலில் காவலாளி.

"நீங்க யாரு?"

"மாமா."

"மாமா சித்தப்பாக்கெல்லாம் அனுமதி இல்ல. அம்மாவை வரச் சொல்லுங்க."

"அம்மா வெளியூர்ல."

"அப்ப அப்பாவை."

"அவரை நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா நானே கூட்டிட்டு வர்றேன்."

சிரித்தார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாத அளவுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

தம்பி

*

ஜூலை 12

தம்பிக்கு,

இரண்டாவது அறிவிப்பும் வந்துவிட்டது. இருபது கிலோ எண்ணூறு கிராம்.

பள்ளியைக் குறை சொல்லாதே. அங்கே முந்நூறு பிள்ளைகள் சாப்பிடுகின்றன, என் பிள்ளை மட்டும் இளைக்கிறாள். ஆயாம்மா கழுவுகிறாள், காவலாளி விடவில்லை, காலரைக் கடிக்கிறாள் என்று கதை எழுதுகிறாய். உன் முனை நசுங்கிய நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தராசுக்கு அது தெரியுமா?

அறிவிப்போடு ஒரு படிவமும் வந்தது. அடுத்த மாதம் பத்தாம் தேதியிலிருந்து பள்ளியே மதிய உணவு வரவழைக்கப் போகிறதாம். சேருகிற பிள்ளைகள் வீட்டுப் பெட்டி கொண்டுவரக் கூடாது. கையெழுத்துப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன். இனி நீ ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டாம். நன்றாகத் தூங்கு.

அக்கா

*

ஜூலை 18

அக்கா,

பார்த்துவிட்டேன். நிதானமாக எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெஞ்சின் கால் உடைந்து, பள்ளியிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஆள் கேட்டார்கள். மாமாவுக்குத் திறக்காத கதவு வெல்டிங்காரனுக்குத் திறந்தது. அதே காவலாளி "வாங்க வாங்க" என்றார். பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். வகுப்பு டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். வெறும் ரொட்டி கொண்டுவந்த பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்காரவைக்கிறார்கள். ஏழு பேர். அந்த வீடுகளில் வேறு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியம் கற்றுத் தருகிறார்களாம்.

டீச்சர் குண்டூசியிடம் வந்தார். பார்க்கவே இல்லை, நேராகப் பெட்டியை எடுத்தார். முன்னால் வெள்ளைத்துணி விரித்த மேஜை. அதில் 'இன்றைய மாதிரிப் பெட்டி' என்ற அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒருவர் வந்து படம் எடுத்தார். நின்று எடுத்தார், குனிந்து எடுத்தார், ஒரு நட்சத்திரத்தைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தார். இருபத்தைந்து நிமிட இடைவேளை. பிள்ளைகளை வரிசையாக விட்டு வேடிக்கை பார்க்க வைத்தார்கள். குண்டூசி சட்டையில் ஒரு பாராட்டு பேட்ஜைக் குத்திக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் இரண்டு பிஸ்கட்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆயாம்மா வந்து பெட்டியை எடுத்தார். இருபது நிமிடத்துக்கு மேல் திறந்து கிடந்த சாப்பாட்டைப் பிள்ளைக்குத் தரக்கூடாதாம், சுகாதார விதியாம். குப்பை வாளியில் கவிழ்த்துவிட்டுக் கழுவப் போனார்.

நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்தேன்.

"டீச்சர், அது இவ சாப்பாடு."

"நீங்க யாரு?"

"அதை அடுக்கினவன்."

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நீங்களா சார்? மூணு மாசமா தினமும் இவ பெட்டிதான் முதல்ல வருது. வீட்டுக்குப் பெருமைதானே?"

"மூணு மாசமா இவ என்ன சாப்பிடறா?"

"பிஸ்கட் குடுக்கிறோமே சார்."

நான் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

சாயங்காலம் குண்டூசியைக் கேட்டேன், ஏன்டி சொல்லவில்லை என்று. "அது சாப்பிடறதுக்கு இல்ல மாமா, காட்டறதுக்கு" என்றாள். பெருமை என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறார்கள். சொன்னால் நீ அவளை ஏதாவது பிள்ளைகள் விடுதியில் சேர்த்துவிடுவாய் என்ற பயம் வேறு. நீ கிளம்பின புதிதில் போனில் நாம் அதற்காகச் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறாள்.

நீ அழகாக வை என்றாய், நான் வைத்தேன். எவ்வளவு அழகாக வைத்தோமோ அவ்வளவு பட்டினி கிடந்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து பார்க்கச் சகிக்காத மாதிரி அடுக்குகிறேன். அதே முட்டை, அதே பயறு, அதே காரட், எல்லாவற்றையும் துருவிக் கொட்டிப் பிசைந்து வைத்தேன். சிமெண்டுக் கலவை மாதிரி இருந்தது. டீச்சர் மூக்கைச் சுளித்துத் தாண்டிப் போனாராம். நேற்று பெட்டி முதல் தடவையாக அழுக்காகத் திரும்பி வந்தது. மூடி உள்பக்கம் எல்லாம் பயறு ஒட்டிக் காய்ந்திருந்தது. கழுவ மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். படம் எடுத்தவரின் தொப்பியில் ஒரு பச்சை இலை போட்டிருந்தது. நீ சேர்ந்த புதிதில் அனுப்பிய படத்தில் உன் சீருடைத் தோளில் இருக்கிறதே, அதே இலை. பள்ளிக்கு வரப்போகிற சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

தம்பி

*

ஜூலை 25

தம்பிக்கு,

முதலில் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

ஆமாம், எங்களிடமிருந்துதான். இந்த மாதம் 21-ம் தேதிதான் எனக்குத் தெரியும். எங்கள் வரிசைக்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரப் படம் ஒன்றை மாட்டினார்கள். கோழி அலகுக் கொக்கியைப் பார்த்ததும் அது அவள் பெட்டி என்று தெரிந்துவிட்டது. மேற்பார்வையாளர், "இதே மாதிரி அடுக்கணும், ஒரு நூல் மாறக்கூடாது" என்றார். பக்கத்தில் நிற்கிறவள், "சார், நட்சத்திரத்துல ஒரு முனை நசுங்கியிருக்கே?" என்று கேட்டாள். "அதுதான் வேணும். வீட்டுல செஞ்ச மாதிரி தெரியணும்ல" என்றார். அதே நசுங்கலோடு இருநூறு அச்சு செய்து வந்து இறங்கியிருக்கிறது. நேற்று முழுவதும் உன் அச்சில்தான் காரட் வெட்டினேன்.

இதைப் பெரிதுபடுத்தாதே. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பேசினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒன்று யோசித்துப் பார். பத்தாம் தேதியிலிருந்து அவளுக்குப் போகிற பெட்டி எங்கள் வரிசையிலிருந்து போகும். நாலாயிரத்தில் ஒன்று என் கையால் அடுக்கினதாக இருக்கலாம். பெற்றவள் கையால் பிள்ளை சாப்பிடட்டுமே. அதில் உனக்கு என்ன கஷ்டம்?

அக்கா

*

ஜூலை 31

அக்கா,

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

நான் தகட்டு வேலை செய்கிறவன். இருநூறு அச்சு வெட்டி, வளைத்து, அரம் போட்டு, வந்து இறங்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். 21-ம் தேதி படம், 24-ம் தேதி கையில் அச்சா? அந்தப் படம் உங்கள் ஆட்களிடம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. சரி, அவர்கள் உங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஜூலை 12-ல் 'உன் முனை நசுங்கிய நட்சத்திரம்' என்று எழுதியிருக்கிறாய். சுத்தியல் தவறி ஒரு முனையில் விழுந்ததை நான் உனக்கு எழுதவே இல்லை. நீ கிண்டல் செய்வாய் என்று மறைத்தேன். நாலாம் தேதிக் கடிதத்தின் வரிகள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீயும் எடுத்துப் பார். குண்டூசியைக் கேட்டேன். "அம்மாகிட்ட பெட்டியப் பத்திப் பேசினதே இல்ல" என்கிறாள். தெருவில் உன் ஆள் யாராக இருந்தாலும் என் அடுப்படிக்குள் வந்ததில்லை.

அப்படியானால் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோதே நீ படத்தைப் பார்த்திருந்தாய். பெட்டி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டே என்னிடம் 'கதை எழுதுகிறாய்' என்றாய். உன் கையால் அடுக்கிய பெட்டி அவளுக்குப் போகவேண்டும் என்று உனக்கு ஆசை. பெற்றவளுக்கு அந்த ஆசை இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு நான் திருடனாக இருக்கவேண்டியிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் இளைக்கவேண்டியிருந்தது.

நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு காரியம் செய். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று பள்ளிக்கு ஒரு வரி எழுது. நான் எழுதினால் செல்லாது, மாமன். எனக்கு, அந்தப் படத்தை எந்தத் தேதியில் முதலில் பார்த்தாய் என்று எழுது.

உறை இந்தத் தடவையும் இரண்டு முறை ஒட்டியிருந்தது.

தம்பி

*

ஆகஸ்ட் 9

அக்கா,

பதில் இல்லை. பள்ளிக்கும் எதுவும் வரவில்லை, கேட்டுவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வரவில்லை. குண்டூசி மத்தியானம் வரை போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உன்னை எழுதவிடவில்லையா, நீதான் எழுதவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதை நம்பினாலும் எனக்குத் தூக்கம் வராது.

மூன்றாவது சோதனை முடிந்தது. இருபத்திரண்டு கிலோ. சிமெண்டுக் கலவை ஏற்றியது. இனி நல அலுவலகத்துக்கு எழுதமாட்டார்களாம். 'பள்ளி உணவுத் திட்டத்தின் பலன்' என்று எடை அட்டையில் எழுதியிருக்கிறார்கள். திட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நாளைக்கு உங்கள் பெட்டி வருகிறது. அம்மா அடுக்கினதாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். நீ எழுதினதைத்தான் சொன்னேன்.

"அம்மா கட்டினதா? அப்ப அதையும் எடுத்துக் காட்டறதுக்கு வெச்சுருவாங்களா மாமா?"

அது உனக்குத்தான் தெரியும்.

படத்தை முதலில் எப்போது பார்த்தாய்? தேதியை மட்டும் எழுது.